மக்வேதா வீதியின் வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும் எங்களுடையவை. மற்ற நாளெல்லாம் வீட்டுக்காரருடையவை. இத்தாலியில் வீட்டு வேலைக்கு நிற்பவர்களுக்கு ஞாயிறோடு வாரத்தில் இன்னோர் அரை நாளும் ஓய்வு உண்டு. அந்த அரை நாள் வழக்கமாக வியாழனாகவே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் போதும், பலெர்மோவின் எல்லாத் திசையிலிருந்தும் யாழ்ப்பாணத்துப் பெடியள் ஒரே வீதியை நோக்கி நடந்து வருவார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எங்களுக்கு வியா மக்வேதாதான் சந்தி, வாசிகசாலை, தபால் கந்தோர், கோயில் வீதி எல்லாம்.

அந்த வீதிக்கு வயது நானூறுக்கு மேல். சிசிலியை ஸ்பெயின் ஆண்ட காலத்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த மக்வேதா கோமகன் பெர்னார்தினோ தெ கார்தெனாஸ், 1600இல் பழைய நகரின் நெருங்கிய வீடுகளை வெட்டிக்கொண்டு நேராக ஒரு வீதியைத் திறந்தார். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பழைய பெருவீதியை அது குறுக்கே கடக்கும் இடத்தில், 1608 தொடக்கம் நாலு மூலையிலும் உள்வளைந்த முகப்புகள் எழுந்தன. அதுதான் குவாத்ரோ காந்தி. ஒவ்வொரு முகப்பிலும் கீழே நீர்த்தொட்டியோடு ஒரு பருவத்தின் சிலை, நடுவில் ஒரு ஸ்பானிய அரசர், உச்சியில் நகரைக் காக்கும் ஒரு புனிதை. அதைச் சூரிய அரங்கு என்றும் அழைப்பார்கள், பகலில் எந்த நேரம் போனாலும் ஏதாவது ஒரு மூலையில் வெயில் விழும் என்பதால். மாசி மாதக் குளிரில் அந்த வெயிலின் அருமை எங்களுக்குத் தெரியும். வெயில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போக, நாங்களும் கதையை விடாமல் அதன் பின்னால் நகர்வோம்.

கதை எப்போதும் ஊர்க் கதைதான். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, ரெலிபோன் இல்லை, யாழ்தேவி ரயிலும் இல்லை. கொழும்பில் இருக்கிற யாருக்காவது ஒரு கடிதம் வந்தால் அவர் அதை ரெலிபோனில் வாசிப்பார். அதைக் கேட்ட பெடியன் வியாழன் பின்னேரம் மக்வேதாவில் எல்லோருக்கும் சொல்லுவான். எந்த ஊரில் செல் விழுந்தது, கிளாலிக் கடலைக் கடந்தவர்களில் யார் கரை சேர்ந்தார்கள், யாருடைய தங்கைக்குச் சம்பந்தம் சரிவந்தது, எல்லாம் அந்த நடைபாதையில்தான் தெரியவரும். கெட்ட செய்தி வைத்திருப்பவனை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கு அவனைத் தனியாக வேலை வீட்டுக்குத் திரும்ப விடமாட்டோம்.

பதில் எழுதிக்கொண்டு பக்கத்து வியா ரோமாவுக்கு நடப்போம். அங்கே முசோலினி காலத்தில், 1934இல் திறந்த பெரிய தபால் கந்தோர் இருக்கிறது. அதன் உயர்ந்த தூண்களுக்குக் கீழே மனிதர் சின்னதாகத் தெரிய வேண்டுமென்றே கட்டியதுபோல இருக்கும். அந்தத் தூண்களின் அடியில் நின்று, முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டி, “அம்மா, நான் நல்ல சுகம்” என்று தொடங்கும் எத்தனை பொய்களை அனுப்பியிருப்போம்.

எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. மக்வேதாவிலிருந்து பல்லாரோ சந்தைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில். அந்தப் பகுதியில் எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு இடம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1943இல் நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் பழைய நகரம் உடைந்தது. போர் முடிந்த பிறகு அதைத் திருத்தாமல், வெளியே இருந்த தோடந் தோட்டங்களை வெட்டிப் புது மாடி வீடுகளைக் கட்டினார்கள். வசதி உள்ளவர்கள் அங்கே போனார்கள். கூரை போன வீடுகளும் வெடித்த சுவர்களும் ஏழைகளுக்கு மிஞ்சின, பிறகு எங்களுக்கு. சுவரிலே மரம் முளைத்த, யன்னல் இருந்த இடத்தில் வானம் தெரிகிற வீட்டை முதல் முறை கண்டபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. எங்கள் ஊரில் அந்த வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

அறையின் வாடகையை வேலை உள்ளவர்கள் எல்லோரும் பங்கிட்டோம். வேலை வீட்டில் தங்குபவனும் தன் பங்கைக் கொடுப்பான், அவன் அங்கே படுப்பது ஞாயிறு இரவு மட்டும் என்றாலும். ஏனென்றால் அந்த அறை இருப்பவனுக்காக அல்ல, வருபவனுக்காக. ரயிலில் வந்து மத்திய நிலையத்தில் இறங்குபவனிடம் ஒரு துண்டுக் கடுதாசி இருக்கும். அதில் ஒழுங்கையின் பெயர் இருக்கும். எந்த நேரம் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். அவன் சாப்பிடாமல் எவரும் படுப்பதில்லை. அவன் எந்த ஊர், என்ன சாதி, எந்த இயக்கத்துக்குப் பின்னால் போனவன், வெளிநாடு அனுப்பிய ஏஜென்சிக்கு எவ்வளவு கடன் என்று முதல் இரவில் கேட்பதில்லை. இந்த விதிகளை எவரும் எழுதி ஒட்டவில்லை. எங்களுக்கு முன் வந்தவர்கள் அப்படி நடந்தார்கள், நாங்களும் நடந்தோம்.

நான் வந்த இரவு எனக்குக் கிடைத்தது சோறும் பருப்பும், சந்தையில் மலிவாக வாங்கிய மத்தி மீன் குழம்பும். குழம்பில் பழப்புளிக்குப் பதில் எலுமிச்சம்புளி விட்டிருந்தார்கள். பத்து நாடு சுற்றி வந்த வயிற்றுக்கு அது போதுமாக இருந்தது. கோடை வந்தபோது பல்லாரோவில் நீண்ட வெளிர்பச்சைச் சுரைக்காயையும், கட்டுக் கட்டாக அதன் தளிர் இலையையும் கண்டோம். சிசிலிக்காரர் அந்த இலையைத் தக்காளியோடு சேர்த்து சூப் வைப்பார்கள். நாங்கள் அதைச் சுண்டினோம், தேங்காய்ப்பூவைத் தூவி. சந்தைக்காரர்கள் ராகமெடுத்துக் கூவுவதைக் கேட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை ஞாபகம் வரும். கடலைமாவைக் கிண்டி வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லேதான் காசில்லாத நாட்களில் எங்கள் மத்தியானச் சாப்பாடு.

அறையில் மூத்தவர் ஒரு வாத்தியார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஊரில் வரலாறு படிப்பித்தவர், பலெர்மோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் வாசல் காப்பாளராக இருந்தார். அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் வாசித்துவிட்டுப் போடும் செய்தித்தாள்களை வைத்தே இத்தாலியன் படித்தார். வியாழன் நடையில் அவர்தான் எங்களுக்கு நகரத்தைக் காட்டினார். “எங்கை சீவிக்கிறமோ அந்த இடத்தின்ரை கதை தெரியாமல் சீவிக்கக்கூடாது தம்பி” என்பார்.

மக்வேதாவின் வடக்கு முனையில் தெயாத்ரோ மாஸ்ஸிமோ நிற்கிறது. 1897இல் திறந்த அந்த இசை நாடக அரங்கு இத்தாலியிலேயே மிகப் பெரியது. ஆனால் நாங்கள் அதைத் திறந்த கதவோடு கண்டதே இல்லை. திருத்த வேலைக்கென்று 1974இல் மூடியதை 1997 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். எங்கள் வியாழக்கிழமைகள் எல்லாம் அந்த மூடிய கதவுக்கு முன்னால், சிங்கச் சிலைகளுக்குக் கீழேயுள்ள படிகளில் கழிந்தன. ‘காட்ஃபாதர்’ மூன்றாம் படத்தின் கடைசிக் காட்சியை அந்தப் படிகளில்தான் எடுத்தார்கள். இருட்டுப் பட்டதும் பெடியள் அங்கிருந்து திரும்பிவிடுவார்கள். மாஸ்டர் மட்டும் சில நாளில் இன்னும் கொஞ்சம் நடப்போம் என்பார். நேரே போய், வியா மரியானோ ஸ்தாபிலேயில் வலப்பக்கம் திரும்பி வியா ரோமாவைத் தொட்டால், மூலையில் நிற்பது கிராண்ட் ஹோட்டல் எ தெ பாம். ஊரார் வாயில் அது தெல்லே பால்மே, பனைகளின் ஹோட்டல். பனை என்றால் எங்களுக்குச் சொல்லவேண்டுமா.

நாங்கள் எதிர்ப் பக்க நடைபாதையில், ஆங்கிலேயர் கட்டிய சின்னத் தேவாலயத்தின் பக்கமாக நிற்போம். மாஸ்டர் கதை சொல்லுவார். மர்சாலா வைன் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த இங்காம் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் மாளிகை அது. 1874இல் ராகூசா குடும்பம் வாங்கி ஹோட்டலாக்கியது. என்ரிகோ ராகூசா ஹோட்டலையும் நடத்திக்கொண்டு, சிசிலியின் வண்டுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர், இயற்கை ஆய்வுக்கென்று ஒரு சஞ்சிகையைத் தொடங்கியவர். 1881 நவம்பரில் ரிச்சார்ட் வாக்னர் குடும்பத்தோடு அங்கே வந்து இறங்கினார். தன் கடைசி இசை நாடகமான ‘பார்சிஃபாலை’ 1882 ஜனவரி 13ஆம் தேதி அங்கேதான் எழுதி முடித்தார். இரண்டு நாள் கழித்து ரெனுவார் என்ற பிரெஞ்சு ஓவியர் வந்து 35 நிமிடத்தில் அவர் முகத்தைத் தீட்டினார். அந்தப் படம் இப்போது பாரிஸில், ஓர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு ரெமோன் ரூசெல். செல்வத்தில் பிறந்து, எவருக்கும் விளங்காத புத்தகங்களைச் சொந்தக் காசில் அச்சிட்டு, கையில் இருந்ததெல்லாம் கரைந்தபின் பலெர்மோவுக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர். 1933 ஜூலை 14 காலை, 224ஆம் அறையில் தரையில் போட்ட மெத்தையில் இறந்து கிடந்தார். தூக்க மருந்து காரணம். பல வருடம் கழித்து லெயொனார்தோ ஷாஷா என்ற சிசிலி எழுத்தாளர் பழைய பொலிஸ் தாள்களைத் தேடி எடுத்து, அந்த மரணத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1957 ஒக்ரோபரில் அமெரிக்காவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் மாஃபியாத் தலைவர்கள் கூடிக் கதைத்ததும் இந்த ஹோட்டலில்தான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. அந்த ஹோட்டலில் பல பத்தாண்டுகளாக ஒரு சிசிலிப் பிரபு தங்கியிருந்தார். நாங்கள் வீதியில் நின்று பார்த்த காலத்திலும் அவர் உள்ளேதான் இருந்தார். தன் நிலத்தில் அவர் செய்த ஏதோ ஒன்றுக்கு மாஃபியா அவருக்கு அந்தத் தண்டனை கொடுத்ததாகவும், ஊருக்குத் திரும்பினால் உயிர் போகும் என்றதாகவும் நகரம் பேசியது. உண்மை எதுவோ, ஊர் திரும்பாத ஒருவர் அந்த யன்னல்களுக்குப் பின்னால் இருந்தார். நாங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் மாஸ்டர் சொன்னார், “அவருக்கும் ஊர் இல்லை, எங்களுக்கும் ஊர் இல்லை. எங்களுக்கு வியாழக்கிழமை இருக்குது.”

நான் அப்படி ஒரு பெரிய ஹோட்டலை வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை என்றில்லை. வெளிநாடு போகக் கொழும்புக்கு வந்து ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்த காலத்தில், கொட்டாஞ்சேனை லொட்ஜில் மூட்டைப்பூச்சிக் கட்டிலில் படுத்திருந்தேன். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, அடையாள அட்டையை நெஞ்சுப் பையில் வைத்தபடி நித்திரை. பின்னேரம் காலிமுகத் திடலுக்கு நடந்தால் அதன் தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டல் கடலைப் பார்த்து விளக்கெரிந்து நிற்கும். அந்த லொட்ஜில் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்த காலம். அங்கிருந்து வந்தவனுக்கு ஒழுங்கை அறையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போட்டபோது அழுகை வந்ததில் என்ன புதுமை.

இப்போது தெல்லே பால்மேயின் உள்ளேயும் படுத்தாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் இங்கிலாந்துக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. பலெர்மோவில் பிறந்த மகன், தன் சம்பளத்தில், அப்பா எதிர்ப்பக்கம் நின்று பார்த்த ஹோட்டலில் அறை எடுத்தான். சில காலம் மூடியிருந்து 2021இல் புதுப்பொலிவோடு திறந்த ஹோட்டல். 1907இல் அதைத் திருத்தி அழகுபடுத்திய ஏர்னெஸ்தோ பசீலேயும், அவருடைய தந்தையும்தான் தெயாத்ரோ மாஸ்ஸிமோவைக் கட்டியவர்கள். மூடிய கதவுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்த அரங்கும், எதிரே நின்று பார்த்த ஹோட்டலும் ஒரே குடும்பத்தின் கைவேலை. கண்ணாடி மண்டபத்தில் மகனோடு கோப்பி குடித்தேன். மனம் நிறைந்தது.

இரவு படுக்கையில் கையை வைத்தபோது அந்தப் பருத்தி விரிப்பின் குளிர்ச்சி என்னை 1992க்குக் கொண்டுபோய்விட்டது. நான் வேலை செய்த வீட்டில் வெள்ளை விரிப்புகளை மினுக்கி, நாலாக மடித்து, அலுமாரியில் அடுக்குவது என் வேலை. மே 23, கபாச்சியில் நெடுஞ்சாலையையே வெடிக்க வைத்து நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயை மாஃபியா கொன்றது. அவரோடு மனைவியும் மூன்று காவலர்களும் போனார்கள். அந்த நாட்களில் பலெர்மோவின் பெண்கள் படுக்கை விரிப்புகளில் மாஃபியாவுக்கு எதிராக எழுதி பல்கனிகளில் தொங்கவிடத் தொடங்கினார்கள். நான் வேலை செய்த வீட்டு சிஞ்ஞோராவும் என்னிடம் ஒரு விரிப்புக் கேட்டார். நான் பழையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. “நல்லதைத் தா, கலியாணத்துக்குத் தந்ததைத் தா” என்றார். நான் மினுக்கிய அந்த விரிப்பில் அவர் கறுப்பு மையால் எழுத, இரண்டு பேருமாகப் பிடித்து பல்கனியில் கட்டினோம்.

ஜூலை 19 பின்னேரம் வியா தமேலியோவில் குண்டு வெடித்தது. நீதிபதி பவுலோ போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் இறந்தார்கள். அது ஞாயிறு, எங்கள் ஓய்வு நாள். அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். குண்டின் கதை எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அதற்கு அடுத்த நாள் ஒரு நகரம் வெளியே வந்து சத்தம் போடுவது புதிது. மறு வியாழன் மக்வேதாவில் நடந்தபோது மேலே பல்கனிகளில் வெள்ளை விரிப்புகள் ஆடின. மாஸ்டர் ஒவ்வொன்றாக நின்று வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த நகரத்தில் நான் வெறும் வேலைக்காரன் இல்லை, இங்கே வாழ்கிறவன் என்று முதலில் தோன்றியது.

ஞாயிறுகளில் மொந்தே பெல்லெக்ரீனோ ஏறுவோம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அந்த மலைக் குகையில் கண்டெடுத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நீங்கியது என்று பலெர்மோக்காரர் நம்புகிற சாந்தா ரொசாலியா குடியிருக்கும் இடம். வேதக்காரரும் சைவரும் ஒன்றாகவே ஏறினோம், சிலர் வெறுங்காலோடு. மடு மாதாவிடம் போக முடியாதவனும் சந்நிதி முருகனிடம் போக முடியாதவனும் அந்தக் குகையில்தான் நேர்த்தி வைத்தார்கள். இன்றும் எங்கள் சனம் ஏறுகிறது. 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்து பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்தபோது முதல் மெழுகுதிரி அங்கேதான் ஏற்றினோம். 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணமே எழுந்து மழையில் நடந்த செய்தி கேட்டு, எங்கள் தாய் தகப்பன் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் நின்ற நாட்களிலும் அங்கேதான் போனோம்.

மறுநாள் காலை மகன் கேட்டான், “அப்பா, நீங்கள் வந்த அண்டைக்கு எங்கை படுத்தனீங்கள்? அதைக் காட்டுங்கோ.” நடந்தோம். மக்வேதாவில் இப்போது பெரும் பகுதி நடப்பவர்களுக்கு மட்டும். கரிப்புகை இல்லை, ஹோர்ன் இல்லை, சுவர்கள் வெளுத்திருக்கின்றன. மேசை கதிரைகள் நடு வீதிக்கு வந்துவிட்டன. அழகாகத்தான் இருக்கிறது. அந்த வீதியில் எங்கள் பெடியள் ஒருவனையும் காணவில்லை. சிலர் லண்டனுக்கு, சிலர் ஜெர்மனிக்கு. மாஸ்டர் காலமாகிவிட்டார். ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன், கதவையும். கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு ஒன்று இருந்தது. எங்கள் அறையும் உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாகிவிட்டது. எண் தெரிந்தவர் திறக்கலாம். தட்டினால் திறக்க உள்ளே எவரும் இல்லை.

எனக்கு இழப்பாகப் படுவது அந்தக் கட்டடம் இல்லை. அது திருத்தப்பட்டு நிற்பது நல்லதே. எங்கள் இளமையும் இல்லை, அது எப்படியும் போவதுதான். தட்டினால் திறக்கிற அந்த ஏற்பாடு போய்விட்டது. தெல்லே பால்மேயில் ரூசெல் படுத்த அறையின் எண் உலகத்துக்குத் தெரியும். அவர் அங்கே இருந்தது சில கிழமைகள். எங்கள் அறையில் ஒரு தலைமுறையே முதல் இரவைக் கழித்தது, அதன் எண்ணை எழுதி வைத்தவர் இல்லை. அங்கே படுத்தெழும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் கதவைத் திறந்தது, யார் சோறு போட்டது, வாடகையில் யார் இரண்டு பங்கு கொடுத்தது என்று அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டும். பலெர்மோவில் மட்டுமில்லை, பாரிஸ் லாச்சப்பலிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இப்படி ஓர் அறை இருந்தது.

எழுதினால் மட்டும் காணாது. அந்த ஒழுங்கைகளில் இன்று வங்காளதேசத்துப் பெடியளும் ஆபிரிக்கப் பெடியளும் இருக்கிறார்கள். நாங்கள் வந்த வயதுதான் அவர்களுக்கும். எங்களுக்கு இப்போது சொந்த வீடு உண்டு, முன்னறை உண்டு, விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த படுக்கையறையும் உண்டு. வந்தவனுக்கு முதலில் சோறு, கேள்வி பிறகு என்ற வழக்கத்தை எங்கள் மூத்தவர்கள் கூரை ஒழுகுகிற ஓர் அறையிலேயே காப்பாற்றினார்கள். வசதி வந்த எங்களால் அதைத் தொடர முடியும், தொடரவும் வேண்டும்.